மகளின் ஸ்கேட்டிங் சப்பாத்தில் ஸ்க்ரூ பிடிக்கவில்லை, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

செந்தூல் அம்மா
ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாக சன்வே பிரமிட் ஐஸ் ரிங்கில் ஸ்கேட்டிங் பழகுகிறாள், வாரத்துக்கு மூன்று நாள். சப்பாத்து செகண்ட் ஹேண்டில் 480 வெள்ளிக்கு வாங்கியது. தோல் சப்பாத்து, அடியிலும் தோல் சோல்தான். அந்தச் சோலில்தான் பிளேடை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

நேற்று ஒரு சின்னத் தாவல் முடித்து இறங்கும்போது "டக்" என்று சத்தம் கேட்டதாம். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். வலது கால், பிளேடைச் சோலோடு பிடிக்கும் குதிகால் தட்டில் நான்கு ஸ்க்ரூ இருக்கின்றன. அதில் இரண்டு, திருப்பத் திருப்பச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிடிப்பே இல்லை. அந்த இடத்தில் தோல் கறுத்துக் கிடக்கிறது. பிளேடின் அடியில் காப்பித் தூள் தூவியது போலத் துருப் புள்ளிகள்.

ஒரு கடையில் காட்டினோம். கையில் வாங்கிப் பார்த்த அரை நிமிடத்தில், "சோல் போச்சு, புது ஜோடி வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். இப்போதைக்கு அது முடியாது. இன்னும் ஐந்து வாரத்தில் அவளுக்கு ஒரு ஸ்கேட்டிங் தேர்வு வேறு இருக்கிறது. ஓட்டைக்குள் கம் காஜாவை, அந்த சூப்பர் குளூவை, விட்டு முடுக்கிவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஹாக்கி தம்பி
ஞாயிறு, இரவு 9:40

அக்கா, கம் காஜா வேண்டவே வேண்டாம். நான் செய்து பார்த்தவன். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், வளைந்து கொடுக்காது. இரண்டாவது நாளே பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியைத் தோலிலிருந்து சுரண்டி எடுக்கத்தான் பிறகு அதிக நேரம் பிடித்தது.

என்னுடையது ஹாக்கி ஸ்கேட், அதில் பிளாஸ்டிக் பிடிப்பை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். தோல் சோல் கதை எனக்குத் தெரியாது. இங்கே பட்டறை ஐயா ஒருவர் எழுதுவார், அவர் பார்க்கட்டும்.

பழைய பட்டறை
திங்கள், காலை 6:05

அம்மா, பயப்படாதீர்கள். ஸ்க்ரூ சுற்றுகிறது என்பதாலேயே சோல் போய்விட்டது என்று ஆகாது. பிரிக்ஃபீல்ட்ஸ் அஞ்சடியில், கடைவரிசை நடைபாதையில், சப்பாத்துத் தைத்த கை இது, கடையை மூடி மூன்று வருடம் ஆகிறது. 2017 இல் கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில்தான் முதல் முறையாகக் குளிர்கால விளையாட்டுகளைச் சேர்த்தார்கள். அதற்கு அப்புறம்தான் என் பெட்டிக்கு ஸ்கேட் சப்பாத்துகள் வரத் தொடங்கின. முதல் ஜோடியைக் கையில் வாங்கியபோது எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பிரித்துப் பார்த்தால், பழைய காலத்து பூட்ஸ் சோல்தான். அடுக்கடுக்காகத் தோல்.

முதலில் ஒரு சோதனை. சுற்றுகிற ஸ்க்ரூ இரண்டையும் கழற்றுங்கள், மற்ற எதையும் தொடாதீர்கள். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். அப்புறம் மெல்லிய ஊசியை, தையல் ஆரா என்போமே அதை, கறுத்த இடத்தில் விரல் பலத்தில் மட்டும் அழுத்துங்கள். வெந்த மரவள்ளிக் கிழங்கில் குத்துவது போல உள்ளே போனால் தோல் அழுகிவிட்டது. அப்போது வீட்டு வேலை இல்லை, சோலையே மாற்ற வேண்டும். முனை மட்டும் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் ஈரம் ஊறியிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் காப்பாற்றலாம்.

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

செந்தூல் அம்மா
திங்கள், இரவு 10:21

ஐயா, நன்றி. ஆரா இல்லை, சாக்குத் தைக்கும் கோணி ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ பக்கத்தில் 1 மி.மீ. போல இறங்கி நின்றது. இன்னொன்றில் கொஞ்சம் கூடுதல், 2 மி.மீ. இருக்கலாம். ஊசி முனையில் ஈரம் தெரிந்தது. ஓட்டையிலிருந்து பழைய ஈரத் துணி வாடை வருகிறது.

ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் பிளேடைத் துடைத்துத்தான் உறை போடுகிறாள். நானே பக்கத்தில் நின்று பார்க்கிறேன். பிறகு ஏன் ஈரம்?

ஹாக்கி தம்பி
திங்கள், இரவு 10:50

அக்கா, அந்த உறை கெட்டி பிளாஸ்டிக்கா, துணியா?

செந்தூல் அம்மா
திங்கள், இரவு 10:52

பிளாஸ்டிக். ரிங்கைச் சுற்றி நடக்கப் போடுவது. அதையே போட்டுப் பையில் வைத்துவிடுவோம்.

ஹாக்கி தம்பி
திங்கள், இரவு 11:15

அதுதான் காரணம் அக்கா. பிளாஸ்டிக் உறை நடக்க மட்டும். உள்ளே தண்ணீர் தங்கிவிடும். வீட்டுக்குக் கொண்டுவரத் துவாலைத் துணியில் தைத்த உறை வேண்டும், பழைய துண்டை வெட்டி நாமே தைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ரிங்கில் துடைக்கும்போது பிளேடு ஜில்லென்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கார் பார்க்குக்கு வந்தால் 32 டிகிரி, காற்றெல்லாம் ஈரம். ஐஸ் மைலோ கிளாஸை மேசையில் வைத்தால் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோக்குமே, அதேதான் பிளேடிலும், ஸ்க்ரூ தலையிலும், தட்டுக்கும் சோலுக்கும் நடுவிலும் நடக்கிறது. நீங்கள் துடைத்த பிறகுதான் அது ஈரமாகிறது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்து, பிளேடு அறைச் சூட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை, அதனாலோ என்னவோ, அவர்கள் போடும் வீடியோக்களில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை.

பழைய பட்டறை
செவ்வாய், காலை 6:30

தம்பி சொன்னது முழுக்கச் சரி. அம்மா, 2 மி.மீ. என்றால் பிழைத்துக்கொள்ளும். இப்போது வேலைக்கு வருவோம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் முக்கால் பங்கு காய வைப்பதுதான். ஈரத் தோலில் எந்தப் பசையும் ஒட்டாது.

பிளேடைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். அப்புறம் நன்றாகச் சீவிய பென்சிலால் தட்டின் ஓரத்தைச் சுற்றிச் சோலில் கோடு போடுங்கள், முன் தட்டு, பின் தட்டு இரண்டுக்கும். இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. பிளேடு சோலின் நடுக்கோட்டிலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள், காலுக்கு ஏற்றபடி பலருக்குக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். மாட்டும்போது அது இம்மி விலகினாலும் பிள்ளைக்கு ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருக்கும், ஏன் என்று அவளுக்கே தெரியாது.

கழற்றிய பிறகு ஃபேன் காற்றில் வையுங்கள், ஏர்கான் அறை இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, காலையும் மாலையும் மாற்றுங்கள். வெயிலில் வேண்டாம், கார் டேஷ்போர்டில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். சூடு பட்டால் தோல் விறைத்து வெடிக்கும், அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் பசையும் விட்டுப் போகும்.

காய்ந்ததும் ஓட்டையை அடைக்க வேண்டும். கெட்டி மரத்தில் செய்த சாப்ஸ்டிக் ஒன்றை எடுத்து, ஓட்டைக்குள் இறுக்கமாக இறங்கும் அளவுக்குக் கத்தியால் சீவுங்கள். தண்ணீர் தாங்கும் மரப் பசையைத் தடவி இறக்கி, சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு. மிச்சத்தைச் சோல் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அப்புறம் ஸ்க்ரூ தண்டைவிட மெல்லிய டிரில் முனையால் நடுவில் வழி போட்டு முடுக்க வேண்டும். டிரில் முனையில், ஸ்க்ரூ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் சோலைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையின் குதிகாலில்தான் போய் நிற்கும்.

ரவாங் மெக்கானிக்
செவ்வாய், மதியம் 1:10

ஐயா, இத்தனை வேலை எதற்கு? இரண்டு டியூப் எபாக்ஸியைக் கலந்து ஓட்டை நிறைய ஊற்றி, காய்ந்ததும் டிரில் போட்டால் போதாதா? இல்லை, ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. குச்சிதான் வேண்டும் என்றால் வீட்டில் சாத்தே குச்சி கிடக்குமே.

பழைய பட்டறை
செவ்வாய், இரவு 8:45

தம்பி, பெரிய ஸ்க்ரூ போடலாம், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் ஸ்க்ரூ தலை தட்டின் குழிக்குள் மட்டமாக உட்கார வேண்டும். தலை பெரிதாகித் துருத்திக்கொண்டு நின்றால் தட்டு சரியாக அழுந்தாது. அதோடு, பெரிய ஸ்க்ரூ ஒரு முறைதான் கைகொடுக்கும். அடுத்த முறை அந்த ஓட்டை இன்னும் பெரிதாகியிருக்கும்.

எபாக்ஸியை நான் குறை சொல்லவில்லை. குச்சியை ஒட்ட மரப் பசைக்குப் பதிலாக அதையே தடவலாம், மெதுவாகக் காயும் ரகம் என்றால் இன்னும் நல்லது. ஓட்டை முழுக்க அதை மட்டும் நிரப்புவதுதான் எனக்கு ஒப்பவில்லை. சோல் ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம் வளைகிறது, எபாக்ஸி வளையாது. நாளடைவில் அது தனிக் கட்டையாகத் தோலை விட்டுக் கழன்றுவிடும், ஸ்க்ரூவோடு சேர்ந்து மொத்தமாகக் கையில் வரும். அப்படி வந்த ஒன்றைப் பல் பிடுங்கியது போல எடுத்து வைத்திருந்தேன்.

சாத்தே குச்சி மூங்கில். ஸ்க்ரூ ஏறும்போது நீளவாக்கில் பிளந்துவிடும். அதனால்தான் சாப்ஸ்டிக் சொன்னேன்.

ரவாங் மெக்கானிக்
செவ்வாய், இரவு 9:02

சரி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். இரும்பில் வேலை செய்கிற புத்தி எனக்கு.

பினாங்கு வேலு
புதன், இரவு 8:20

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது பனிச்சறுக்கு பூட்ஸ், ஸ்கீ போடும் கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸ். ஜனவரியில் நண்பர்களோடு ஜப்பானின் ஹொக்கைடோ போகிறேன். லோரோங் கூலிட் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி கண்ணில் பட்டது, 80 வெள்ளி. பார்க்கப் புதிது போலவே இருக்கிறது, ஒரு கீறல் கிடையாது. வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் கவனித்தேன், கணுக்கால் பக்கத்து பக்கிள் ரிவெட்டிலிருந்து முடி போல ஒரு விரிசல் கிளம்பி 3 செ.மீ. ஓடுகிறது. எபாக்ஸி போட்டு, உள்ளே ஒரு தகடு வைத்து ரிவெட் அடித்தால் தாங்குமா? உள்பூட்ஸும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது.

கெப்போங் டீச்சர்
புதன், இரவு 9:55

வேலு, விரிசலை விடுங்கள், முதலில் வயதைப் பாருங்கள். பூட்ஸின் அடியிலோ உள்பூட்ஸை உருவினால் வெளி பிளாஸ்டிக் ஓட்டின் உள்பக்கத்திலோ சின்னக் கடிகார முகம் போல ஒரு வட்டம் அச்சாகியிருக்கலாம். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அம்புக்கு இரண்டு பக்கமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அம்பு காட்டுவது மாதம். பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்த தேதி அது.

பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கீ பூட்ஸ் ஓடுகள் பலவும் பாலியூரித்தேன் வகை. நம் ஊரில் பெட்டியிலேயே இருந்த சப்பாத்தின் சோல் ஒரு நாள் கேக் மாதிரி உதிர்கிறதே, அதுவும் பாலியூரித்தேன்தான், நுரையாக ஊதியது. இதில் எஸ்டர் வகை என்றால் சங்கிலியில் இருக்கும் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று ஐந்தாம் படிவத்தில் படித்திருப்பீர்கள். அறுந்த இடத்தில் அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் வேகமாக அறுக்க உதவுகிறது. மழையில் நனைய வேண்டியதே இல்லை, காற்றில் இருக்கும் ஈரமும் நம் வெயில் சூடும் போதும். போடாமல் வைத்திருந்தாலும் இது நடந்துகொண்டேதான் இருக்கும். "ஒரு தடவைகூடப் போடவில்லை, அதற்குள் இப்படியா" என்று நாம் வருத்தப்படுவது இதனால்தான்.

ஓடு, நுரைச் சோல் அளவுக்குச் சீக்கிரம் போகாது. ஆனால் பழசாகிவிட்டால் குளிரில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பனிச்சரிவில் ஓடு சில்லுச் சில்லாக உடைந்து கால் வெளியே வந்த சம்பவங்கள் உண்டு.

பினாங்கு வேலு
புதன், இரவு 10:30

டீச்சர், வட்டம் கிடைத்தது. 04 என்று இருக்கிறது, அம்பு 6 இல். அப்படியென்றால் 2004 ஜூன்.

கெப்போங் டீச்சர்
புதன், இரவு 10:41

அதைப் போட்டுக்கொண்டு மலையில் இறங்காதீர்கள். தயவுசெய்து.

எபாக்ஸியும் தகடும் விரிசலை மறைக்கும், பிளாஸ்டிக்கை இளமையாக்காது. இன்னொன்று, பூட்ஸின் முன் முனையும் பின் முனையும் ஸ்கீயில் இருக்கும் பிடிப்புக்குள் மாட்டுகின்றன. விழும்போது அந்தப் பிடிப்பு சரியான நேரத்தில் காலை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலோ கால் எலும்போ திருகிவிடும். அதற்காகவே அந்த முனைகளின் வடிவத்துக்கு ஐஎஸ்ஓ 5355 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். முனை தேய்ந்திருந்தாலும், நாம் பசை போட்டுத் தடிப்பாக்கினாலும், அந்தக் கணக்கு தப்பிவிடும். ஸ்கீ பூட்ஸில் உள்பூட்ஸ் கிழிசலைத் தைக்கலாம், வார் மாற்றலாம், ஓடு நல்லதாக இருந்தால் பக்கிள் மாற்றலாம். பிளாஸ்டிக் ஓடு, முனைகள் இரண்டையும் வீட்டில் தொடக் கூடாது. ஹொக்கைடோவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு வேலு
வியாழன், காலை 7:15

மனசு கேட்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். காலையில் கட்டை விரலால் விரிசல் பக்கத்தில் கொஞ்சம் அழுத்தினேன். நெளியவே இல்லை, "கிறீச்" என்று ஒரு சத்தம், விரிசல் இன்னும் அரை விரல் நீண்டுவிட்டது. அதே பூட்ஸை இரண்டாயிரம் அடி மேலே போட்டிருந்தால் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பக்கிள்களை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

சோல் போன அத்தை
வியாழன், மதியம் 12:40

பண்டல் கடையில், பழைய துணிமணி விற்கும் கடையில், வாங்கிய பனி பூட்ஸ் போட்டு சியோல் போனவள் நான். இரண்டாம் நாள் சுரங்க ரயில் படிக்கட்டில் வலது சோல் அப்படியே தனியாகப் படியில் நின்றது. சாயங்காலம் இடதும் போய்விட்டது. டீச்சரம்மா, வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

கெப்போங் டீச்சர்
வியாழன், மாலை 4:05

இருக்கிறது. சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பி வந்துவிட்டால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, துகள் வந்தாலோ வாங்காதீர்கள். பூட்ஸை வளைத்து, மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். முழு ரப்பர் சோலுக்கும், ஈவிஏ என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் நுரைக்கும் இந்த நோய் இல்லை.

பழைய பட்டறை
வியாழன், இரவு 7:50

உதிர்ந்த சோலைத் திரும்ப ஒட்டாதீர்கள். அடிச்சோல் நன்றாக இருந்தாலும் நடுவில் இருக்கும் நுரை மக்கியிருக்கும், மக்கியதன் மேல் ஒட்டினால் மக்கியதோடு வந்துவிடும். மேல் பகுதி நன்றாக இருந்தால் நுரையை முழுக்கச் சுரண்டிவிட்டு ரப்பர் சோல் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

சோல் கெடாமல் வெறும் பசை விட்டுப் போயிருந்தால் மஞ்சள் காண்டாக்ட் கம் போதும். இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும் வரை காத்திருக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். எல்லாரும் அவசரப்படுவது அங்கேதான்.

செந்தூல் அம்மா
அடுத்த வாரம் ஞாயிறு, மாலை 6:10

ஐயா, முடித்துவிட்டேன். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று டீச்சரிடம் தனியாகக் கேட்டேன். சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுக்கச் சொன்னார். பிளேடு கழற்றிய வலது சப்பாத்து, முதல் நாள் 612 கிராம். மறுநாள் 598. அப்புறம் 591, 589, 589. அதாவது 23 கிராம் தண்ணீரைக் காலில் சுமந்துகொண்டு என் பிள்ளை குதித்திருக்கிறாள். கறுப்பும் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. தோல் திரும்பவும் கெட்டியானது, கோணி ஊசி இறங்கவில்லை.

சாப்ஸ்டிக் சீவும்போது முதல் இரண்டு குச்சி வீணாகிவிட்டது. மூன்றாவது இறுகி இறங்கியது. கணவர்தான் டிரில் போட்டார், டேப் சுற்றி. முடுக்கும்போது கடைசி அரைச் சுற்றில் கைக்கு ஒரு இறுக்கம் தெரிந்தது பாருங்கள், அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பென்சில் கோட்டுக்குள் தட்டு அப்படியே உட்கார்ந்தது.

துருவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. ரிங்கிலேயே பிளேடு தீட்டும்போது பிளேடின் அடிப் பள்ளத்தில் இருந்த புள்ளிகள் போய்விட்டன.

சோல் ஓரத்துக்கு எண்ணெய் தடவலாமா?

பழைய பட்டறை
ஞாயிறு, இரவு 8:30

எண்ணெய் வேண்டாம் அம்மா. தோல் இளகிவிடும், கணுக்காலைத் தாங்கும் விறைப்பு போய்விடும். தேன்மெழுகை உருக்கி, சோலின் ஓரத்திலும் தட்டைச் சுற்றியும் துணியால் மெலிதாகத் தேயுங்கள். அடுத்த முறை ஸ்க்ரூவைக் கழற்றினால் அதன் மரையிலும் கொஞ்சம் மெழுகு தடவிப் போடுங்கள்.

23 கிராம் என்று படித்ததும் எழுந்து போய் என் மனைவியிடம் சொன்னேன். இத்தனை வருடம் தொட்டுப் பார்த்தே சொன்னவன், தராசில் வைக்கத் தோன்றவில்லை. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

ஹாக்கி தம்பி
ஞாயிறு, இரவு 9:05

அக்கா, ஒரு சின்ன யோசனை. ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் தட்டு வரைக்கும் நகப் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

செந்தூல் அம்மா
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 10:00

தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மேசையில் பழைய துண்டு இரண்டு வைத்திருக்கிறோம், ஒன்று ரிங்குக்கு, ஒன்று வீட்டுக்கு. இரண்டாம் தடவை துடைப்பது இப்போது மகளின் வேலை, ஓவன் டைமரில் அரை மணி வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள்.

தம்பி சொன்ன கோட்டை அவளே போட்டாள், ரோஸ் நிறத்தில். இன்று பார்த்தேன். மற்றதெல்லாம் நேராக இருக்கின்றன, குதிகாலில் வெளிப்பக்கத்து ஸ்க்ரூ ஒன்றில் மட்டும் கோடு அரிசி அளவு விலகியிருந்தது. குச்சி இறக்கிய ஓட்டை இல்லை, பக்கத்தில் தொடாமல் விட்ட பழைய ஓட்டை. கால் சுற்று முடுக்கினேன், பிடித்துக்கொண்டது. பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறாள். தேர்வு முடிந்ததும் அதற்கும் ஒரு குச்சி சீவ வேண்டும், ஐயா.